வீட்டிலேயே கிட் கார் கட்டுவது எப்படி: சேசிஸ் முதல் பாடி பேனல் வரை முழுமையான வழிகாட்டி

கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கோர்த்துக் கட்டும் கார், கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பயப்படுவது இன்ஜினைப் பார்த்துத்தான். கட்டி முடித்தவர்களிடம் கேட்டால், இன்ஜினைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, கதவு சரியாக உட்காராமல் படுத்திய பாட்டை அரை மணி நேரம் சொல்வார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் தொழிற்சாலையில் அளவு பிசகாமல் செய்யப்பட்டவை. உரிய போல்ட்டைப் போட்டால் உரிய இடத்தில் உட்காரும். ஃபைபர் கிளாஸ் பாடி அப்படி வருவதில்லை. அச்சில் கையால் அடுக்கி எடுக்கும் பொருள் அது. ஒரே அச்சில் எடுத்த இரண்டு பாடிகள்கூட சில மில்லிமீட்டர் வேறுபடும். கதவு, பானெட், டிக்கி ஒவ்வொன்றும் தனித்தனி அச்சில் வந்தவை என்பதால், அவற்றை ஒன்றோடொன்று இணங்க வைக்கும் பொறுப்பு கட்டுகிறவர் கையில் விழுகிறது.

அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் பாடி வேலையைப் பற்றியே எழுதுகிறேன். முழுக்க ஓடும் விதி ஒன்றுதான்: எல்லாவற்றையும் தளர்வாகப் பொருத்திப் பாருங்கள், எல்லாம் சேர்ந்து சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே எதையும் நிரந்தரமாக்குங்கள். போல்ட்டைக் கழற்றி மாட்டலாம். போட்ட துளையைத் திரும்ப எடுக்க முடியாது.

எந்த வகைக் கிட்?

கிட் கார்களின் வரலாற்றில் மூன்று வடிவங்கள் நிலைத்துவிட்டன. முதலாவது லோட்டஸ் செவன் வகை. காலின் சாப்மேனின் லோட்டஸ் நிறுவனம் 1957-ல் கொண்டுவந்த வண்டி அது. பிரிட்டனில் முழு வண்டியாக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை என்ற நிலையில், பலர் அதைக் கிட்டாகவே வாங்கிக் கட்டினார்கள். 1973-ல் அதன் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது, இன்றும் கிட்டாகக் கிடைக்கிறது. எஃகுக் குழாய்ச் சட்டகம், பக்கங்களில் அலுமினியத் தகடு, மூக்குக்கும் மட்கார்டுக்கும் மட்டும் ஃபைபர் கிளாஸ் என்பது இதன் அமைப்பு.

இரண்டாவது பக்கி வகை, அதாவது மணல்மேட்டில் ஓட்டும் திறந்த வண்டி. படகு கட்டி அனுபவம் பெற்ற புரூஸ் மெயர்ஸ் 1964-ல் உருவாக்கிய மெயர்ஸ் மாங்க்ஸ்தான் இதற்கு முன்னோடி. பிற்பாடு வந்த மாங்க்ஸ் கிட்களில், நீளம் குறைத்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில் தளத்தின் மேல் ஃபைபர் கிளாஸ் தொட்டியை உட்கார வைத்தால் வண்டி தயார். மூன்றாவது ஏசி கோப்ரா போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மறுவடிவம். முழு ஃபைபர் கிளாஸ் பாடி, இரண்டு கதவு, பானெட், டிக்கி என எல்லாம் இதில் உண்டு.

முதல் முறை கட்டுகிறவருக்கு என் பரிந்துரை செவன் வகைதான். முழுக் கதவு கிடையாது என்பதால் பாடி வேலையின் தலைவலியில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. கோப்ரா வகைதான் மனதில் இருக்கிறது என்றால் தாராளமாக இறங்குங்கள், ஆனால் இயந்திர வேலைக்கு ஒதுக்கும் நேரத்துக்குக் குறையாமல் பாடிக்கும் ஒதுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்து இறங்குங்கள்.

இயந்திர பாகங்களை ஒரே டோனர் காரிலிருந்து, அதாவது பாகங்களுக்காகப் பிரிக்கும் காரிலிருந்து, எடுப்பது நல்லது. மாஸ்டா எம்எக்ஸ்-5 பல கிட்களுக்கு டோனராக இருப்பது இதனால்தான். இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், ஹப், வயரிங் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியே வந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் முடிக்க வேண்டியது பதிவு விவகாரம். வீட்டில் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்ட ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு. சில இடங்களில் தனி வண்டிக்கான பரிசோதனை உண்டு, சில இடங்களில் பதிவு கிடைப்பதே கடினம். பிரிட்டனில் இப்படித் தனி வண்டிக்கு நடத்தும் ஐவிஏ பரிசோதனையில் வெளிப்புறக் கூர்முனைகளைக்கூட அளந்து பார்ப்பார்கள். தொடக்கூடிய விளிம்புகள் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும். இப்படிப்பட்ட விதிகள் கண்ணாடி, விளக்கின் உயரம், சீட் பெல்ட் பிடிமானம் வரை பாயும். உங்கள் ஊர் விதியை எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டே கட்டுங்கள். ரசீது ஒவ்வொன்றையும், வேலையின் ஒவ்வொரு கட்டப் புகைப்படத்தையும் சேர்த்து வையுங்கள். பாகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட அதுதான் ஆதாரம்.

இடமும் கருவியும்

ஒற்றைக் கார் நிற்கும் இடம் போதும் என்று பலர் நினைப்பார்கள். வண்டிக்குப் போதும், பாடிக்குப் போதாது. பாடியைத் தூக்கி இறக்கி, கழற்றி ஓரமாக வைக்க இன்னொரு கார் அளவு இடம் வேண்டும். இடம் குறைவென்றால் மேலே உறுதியான உத்தரத்தில் கப்பி கட்டிப் பாடியைத் தூக்கி நிறுத்தலாம், அல்லது சக்கரம் வைத்த மரச்சட்டத்தில் பாடியை வைத்து வெளியே தள்ளிவிடலாம்.

தரை மட்டமாக இருப்பது ரொம்ப முக்கியம். மட்டமில்லை என்றால் நான்கு சக்கரத்துக்குக் கீழும் பலகை வைத்து ரசமட்டத்தால் சமன் செய்துகொள்ளுங்கள். பிற்பாடு எடுக்கும் எல்லா அளவும் இந்தத் தரையை நம்பித்தான்.

கருவிகளில் ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், நான்கு ஜாக் ஸ்டாண்ட், இன்ஜின் தூக்கி, டிரில், ரிவெட் கன், தூக்குக்குண்டு, நூல், கிளாம்ப் ஒரு டஜன் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபைபர் கிளாஸுக்கென்று தனியாகத் தூசி முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, நல்ல வெற்றிட உறிஞ்சி. கண்ணாடி இழைத் தூசி தோலில் பட்டால் அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த நீரில் கழுவுங்கள்.

கிட் பெட்டிகள் வந்த அன்றே பட்டியலோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பொருளையும் எண்ணிவிடுங்கள். எது வரவில்லை, எது சேதமடைந்திருக்கிறது என்பதை உடனே சொன்னால்தான் விற்றவர் கேட்பார். பாடியைக் கையோடு பரிசோதியுங்கள்: விரிசல், வெளிப்பூச்சான ஜெல் கோட்டில் குமிழி, தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் இடம்.

சேசிஸைத் தன் காலில் நிற்க வைப்பது

இந்தக் கட்டத்துக்கு கிட்டோடு வரும் கையேடே வழிகாட்டும், அதனால் வேகமாகக் கடக்கிறேன். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் குழாய், எரிபொருள் குழாய், பிறகு இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்த்து ஒரே தூக்கில், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், கடைசியில் வயரிங் என்பதுதான் வழக்கமான வரிசை. கவனம் தேவைப்படும் சில இடங்கள் மட்டும் சொல்கிறேன்.

சஸ்பென்ஷன் ஆர்மில் ரப்பர் புஷ் இருந்தால், அதன் போல்ட்டை வண்டி அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, ஓடும் உயரத்துக்கு வந்தபின் கடைசி இறுக்கு இறுக்குங்கள்.

பிரேக் குழாயை 30 செ.மீ.க்கு ஒரு கிளிப்பாவது போட்டுச் சட்டகத்தோடு பிடித்துவிடுங்கள். அதிர்வில் உரசும் குழாய்தான் பிற்பாடு ஓட்டையாகும். பிரேக் ஆயில் பெயிண்டைக் கரைத்துவிடும் என்பதால் இந்த வேலை முழுவதும் பாடி வருமுன் முடிந்திருக்க வேண்டும். எரிபொருள் குழாய் எக்ஸாஸ்ட்டிலிருந்து எட்டியே போகட்டும்.

டார்க் ரெஞ்சால் இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு இல்லாத போல்ட் இறுக்காத போல்ட் என்று பார்த்தவுடன் தெரியும். ஓடி வந்த பிறகு கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்றும் தெரியும்.

வயரிங் முடிந்து, தீயணைப்பான் பக்கத்தில் வைத்து, இன்ஜினை ஓட விட்டாயிற்றா? இப்போது பாடி இல்லாமலே வெறும் சட்டகமாக, சீட்டையும் பெல்ட்டையும் மாட்டி, மூடிய வளாகத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கியர் விழுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, எங்கே ஒழுகுகிறது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்பதெல்லாம் இப்போது கண்ணுக்கு நேரே தெரியும், கையும் எட்டும். பாடி மேலே ஏறிய பிறகு இதே ஒழுகலைத் தேட இரட்டிப்பு நேரமாகும். இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துப் பாடிக்குப் போக ஆசை வரும். தயவுசெய்து குதிக்காதீர்கள்.

ஃபைபர் கிளாஸ் எப்படிப்பட்ட பொருள்?

தொடுவதற்கு முன் இதன் குணத்தைப் புரிந்துகொண்டால் பாதி தவறு நடக்காது. வெளிப்பக்கம் பளபளப்பாகத் தெரிவது ஜெல் கோட், சுமார் அரை மில்லிமீட்டர் கனம். அது கடினம், ஆனால் முட்டை ஓடு மாதிரி நொறுங்கும். அதற்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி இழையும் பாலியஸ்டர் ரெசினும்தான் வலு தருகின்றன. வளைத்தால் வளையும், ஓரிடத்தில் குத்தி அழுத்தினால் ஜெல் கோட் நட்சத்திரம் போட்டு வெடிக்கும்.

ரெசின் அச்சிலிருந்து வந்த பிறகும் கொஞ்ச நாள் இறுகிக்கொண்டே இருக்கும். புதுப் பாடியைக் கோணலாகச் சாய்த்து வைத்தால் அந்தக் கோணலிலேயே இறுகும். வந்தவுடன் சேசிஸ் மேலேயோ, அதன் அளவுக்குச் செய்த மரச்சட்டத்திலோ சமமாக உட்கார வையுங்கள். கதவு, பானெட், டிக்கியை அதனதன் இடத்தில் தளர்வாக மாட்டி, வெயில் படும் இடத்தில் சில வாரம் விட முடிந்தால் இன்னும் நல்லது. நகர வேண்டியது பெயிண்டுக்கு முன்பே நகர்ந்து முடியட்டும்.

பாடியை இறக்கி நிலை பார்ப்பது

வண்டி நான்கு சக்கரத்திலும் மட்டமான தரையில், ஓடும் உயரத்தில் நிற்க வேண்டும். இன்ஜின், பேட்டரி எல்லாம் ஏறியிருக்க வேண்டும். சீட்டில் ஆள் எடைக்கு மணல் மூட்டை வைத்தால் இன்னும் துல்லியம். ஜாக் ஸ்டாண்டில் நிற்கும் சட்டகம் கொஞ்சம் வேறு மாதிரி வளைந்திருக்கும். அங்கே அழகாகப் பொருந்திய கதவு, சக்கரத்தில் இறக்கியதும் உரசும்.

இரண்டு பேர், முடிந்தால் நான்கு பேர் சேர்ந்து பாடியைத் தூக்கி இறக்குங்கள். கதவு வாசலில்தான் பாடி மிகவும் பலவீனமானது. அந்த இடத்தில் தூக்காதீர்கள். வாசலுக்குக் குறுக்கே தற்காலிகமாக ஒரு மரச்சட்டத்தைக் கிளாம்ப் போட்டுப் பிடித்துவிட்டால் தூக்கும்போது பிளக்காது.

சேசிஸின் நடுக்கோட்டை முன்னும் பின்னும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்து நூல் கட்டுங்கள். பாடியின் நடுக்கோட்டை மாஸ்கிங் டேப்பால் மேலே ஒட்டுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் வரும்படி நகர்த்துங்கள். அடுத்து ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டு வளைவின் விளிம்புக்கு மூன்று இடத்தில் அளவெடுங்கள்: முன்பக்கம், உச்சி, பின்பக்கம். எழுதி வையுங்கள். ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் எங்கேயும் உரசவில்லை என்று பாருங்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போதும் டயருக்கு இடம் வேண்டும்.

இடதும் வலதும் அளவு ஒன்றாக வராது. வந்தால் உங்கள் நல்ல நேரம். 5 அல்லது 6 மி.மீ. வித்தியாசம் இருந்தால் பாதியைப் பாதியாகப் பங்கிட்டுவிடுங்கள். எல்லா அளவையும் ஒரேயடியாகத் திருப்திப்படுத்த முடியாதபோது எதற்கு முன்னுரிமை? என் பதில்: சக்கரம் வளைவின் நடுவில் நிற்பதற்கு. ஒரு காரைப் பக்கத்திலிருந்து பார்க்கும் எவர் கண்ணும் முதலில் போவது அங்கேதான். இடது வலது வித்தியாசத்தை யாரும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது.

நிலை சரி என்று தோன்றியதும் கிளாம்ப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் காலை புதுக்கண்ணோடு பத்தடி தள்ளி நின்று பாருங்கள், குனிந்து விளக்கு உயரத்திலிருந்து பாருங்கள். கதவையும் பானெட்டையும் தூக்கி அதனதன் வாசலில் வைத்துப் பாருங்கள். பாடியை 3 மி.மீ. பின்னால் நகர்த்தினால் இரண்டு கதவுக்குமே நல்லது என்று அப்போது தெரியவரலாம். துளை போடாததால் நகர்த்த முடியும்.

துளை போடும் முறை

இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் குறியுங்கள். டேப் இருந்தால் டிரில் வழுக்காது, ஜெல் கோட் சில்லும் குறைவாகப் பெயரும். சென்டர் பஞ்சைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், ஜெல் கோட் வெடிக்கும். கையால் திருகிச் சிறு குழி போட்டால் போதும். எப்போதும் ஜெல் கோட் பக்கமிருந்தே துளையிடுங்கள். டிரில்லை முதலில் எதிர்த்திசையில் சுழலவிட்டால் ஜெல் கோட்டைச் சில்லு பெயராமல் தேய்த்துக்கொண்டு இறங்கும். இழை தெரிந்ததும் நேர்த்திசைக்கு மாற்றி, அதிகம் அழுத்தாமல் முடியுங்கள். 3 மி.மீ. துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள்.

6 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. துளை வையுங்கள். ஃபைபர் கிளாஸும் எஃகும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை, சட்டகமும் ஓட்டத்தில் சற்றே முறுக்கும். போல்ட்டைச் சுற்றி இடமில்லாவிட்டால் அந்த விசையெல்லாம் துளையின் விளிம்பில் விழுந்து விரிசல் வரும். துளையின் வாயில் கவுண்டர்சிங்க் பிட்டால் ஜெல் கோட்டை மட்டும் லேசாகச் சரித்துவிடுங்கள். பாடிக்கும் சட்டகத்துக்கும் நடுவில் ரப்பர் பட்டை, போல்ட்டுக்குக் கீழே 25 மி.மீ. அகலமான வாஷர், அதிர்வில் தளராத நைலாக் நட். இறுக்கும்போது வாஷர் சுற்ற முடியாத அளவு வந்ததும் நிறுத்துங்கள். ஃபைபர் கிளாஸை நசுக்கி இறுக்கினால் சில மாதத்தில் வாஷரைச் சுற்றியே வட்டமாக வெடிப்பு தெரியும். பாடிக்கும் சட்டகத்துக்கும் இடையில் இடைவெளி இருந்தால் ஷிம் தகடு வைத்து நிரப்புங்கள், போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள்.

கதவுகள்

வேலையின் மையம் இதுதான். வரிசை முக்கியம்: முதலில் கதவு, அதற்கு இணங்க மற்றவை. கதவுதான் பாடியின் பக்கவாட்டுக் கோட்டையே தீர்மானிக்கிறது. கீல் சட்டகத்தோடு பிணைந்திருப்பதால் அதை நகர்த்தும் தாராளமும் குறைவு.

தொடங்கும் முன் ரப்பர் சீலைக் கதவு வாசலில் மாட்டிவிடுங்கள். பலர் இதைப் பெயிண்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார்கள். சீல் இல்லாமல் மட்டமாக நின்ற கதவு, சீல் ஏறியதும் சில மில்லிமீட்டர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், அப்போது எதையும் மாற்ற வழியில்லை. சீல் ரொம்பத் தடிமன் என்றால் மெல்லிய சீல் தேடுவது கதவோடு மல்லுக்கட்டுவதைவிடச் சுலபம்.

கீலை மாட்டிக் கதவைத் தொங்கவிடுங்கள். பூட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் உயரம், பிறகு முன்பின், கடைசியில் உள்வெளி என்ற வரிசையில் கீலைச் சரிசெய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும். கதவின் முன்விளிம்பு மட்கார்டைவிட ஒரு மயிரிழை உள்ளே இருக்கலாம், வெளியே நீட்டக்கூடாது. காற்று அதில் மோதும், கண்ணுக்கும் உறுத்தும். பின்விளிம்பு பின்பக்கப் பாடியைவிட ஒரு மயிரிழை வெளியே இருந்தால் பரவாயில்லை. கீல் திருப்தியானபின் பூட்டையும் அதன் கொக்கியையும் மாட்டுங்கள். கொக்கி கதவைப் பிடித்து நிறுத்த வேண்டும், தூக்கக் கூடாது. மூடும் கடைசி நொடியில் கதவு மேலோ கீழோ துள்ளினால் கொக்கி தவறான உயரத்தில் இருக்கிறது.

அடுத்தது இடைவெளி. பெயிண்டுக்கு முன் சுற்றிலும் 5 மி.மீ. என்று இலக்கு வையுங்கள். பிரைமரும் பெயிண்டும் இருபக்க விளிம்பிலும் ஏறிய பிறகு அது கொஞ்சம் குறைந்து, அழகான கோடாக நிற்கும். 5 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் துண்டுகள் சிலவற்றை வெட்டி வைத்துக்கொண்டு, வாசலைச் சுற்றி நுழைத்துப் பாருங்கள். எங்கே நுழையவில்லை, எங்கே ஆடுகிறது என்று டேப்பில் பென்சிலால் எழுதுங்கள்.

நுழையாத இடத்தில் தேய்ப்பது எளிது. நேரான மரச்சட்டத்தில் 80-ம் நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, விளிம்பு நெடுகத் தேய்க்க வேண்டும். கையில் வெறும் தாளை வைத்துத் தேய்த்தால் குழி விழும். தேய்க்கத் தேய்க்க விளிம்பின் பின்பக்கம் மெலிகிறதா என்று பாருங்கள். மெலிந்தால் பின்னால் ரெசினில் நனைத்த கண்ணாடி இழைப்பாய் ஒட்டித் தடிமனாக்கிவிட்டுத் தொடருங்கள்.

இடைவெளி அதிகமான இடத்தில் சேர்க்க வேண்டும். சாதாரணப் பட்டியை விளிம்பில் வைத்து வளர்த்தால், கதவை நாலு தடவை அறைந்து சாத்தியதும் பெயர்ந்து விழும். கண்ணாடி இழை கலந்த பட்டியோ, ரெசினில் நனைத்த இழைப்பாயோதான் விளிம்பில் நிற்கும். ஜெல் கோட்டை முழுக்கத் தேய்த்து எடுத்து, இழை தெரியும்வரை சரிவாக்கிவிட்டு ஒட்டுங்கள். ஜெல் கோட்டின் மேலேயே வைத்தால் பிடிக்காது.

கதவும் வாசலும் நெடுக ஒழுங்கில்லாமல் இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. வாசல் விளிம்பு முழுக்க வழவழப்பான பேக்கிங் டேப்பை ஒட்டுங்கள். கதவை மூடி, இடைவெளியே தெரியாதபடி கதவு விளிம்பில் இழைப் பட்டியை நிரப்பி, மேல்பரப்பைப் பாடியோடு மட்டமாக வழித்துவிடுங்கள். பட்டி டேப்பில் ஒட்டாது. முக்கால்வாசி இறுகியதும் மெல்லிய கத்தியால் கோட்டைக் கீறிவிட்டுக் கதவை மெதுவாகத் திறங்கள். இப்போது கதவின் விளிம்பு வாசலின் அச்சு அசலான நகல். இனி இருபக்கமும் உப்புத்தாள் ஒட்டிய, மொத்தம் 5 மி.மீ. கனமுள்ள தட்டையான பட்டையை அந்தக் கோட்டில் செலுத்தி ஓட்டினால், இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாகத் திறக்கும். பொறுமையான வேலை, ஆனால் வண்டியின் தரத்தையே மாற்றிவிடும் வேலை.

ரெசின் கலக்கும்போது அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டாக வரும் எம்இகேபி-யை 1 முதல் 2 சதவீதத்துக்குள் அளந்து விடுங்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு துளி கண்ணையே கெடுக்கும். கலந்து மிஞ்சிய ரெசின் கப்பில் சூடேறிப் புகையும், அதை வெளியே திறந்தவெளியில் வையுங்கள். இன்னொன்று: காய்ந்த பாலியஸ்டரின் மேல் எப்பாக்ஸி எனும் இன்னொரு வகை ரெசின் பிடிக்கும், எப்பாக்ஸியின் மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. எதற்குப் பிறகு எது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

பானெட், டிக்கி

கதவு நின்றுவிட்டால் இவை ஒப்பிட்டால் சுலபம். பானெட்டை வாசலில் 5 மி.மீ. துண்டுகள் வைத்து நடுவில் நிறுத்தி, டேப்பால் பிடித்து, அதன்பிறகு கீலைப் பானெட்டுக்கு ஏற்ப மாட்டுங்கள். கீலை முதலில் மாட்டிவிட்டுப் பானெட்டை இழுக்காதீர்கள்.

இன்ஜினுக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க, ஏர் ஃபில்டர் மீதும் உயரமான மற்ற பாகங்கள் மீதும் களிமண் உருண்டை வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் உங்கள் இடைவெளி. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் ஆடும் என்பதால் 20 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். பானெட்டின் முன்பக்கம் திறக்கும் வகை என்றால் இரண்டாவது பாதுகாப்புக் கொக்கி கட்டாயம். ஓட்டத்தில் ஒரு பூட்டு விட்டால் காற்று பானெட்டை அப்படியே கண்ணாடிமேல் புரட்டிவிடும்.

அலுமினியத் தகடுகள்

செவன் வகையில் பக்கங்களும், மற்ற வகைகளில் தளமும் கால்பகுதியும் 1 முதல் 1.2 மி.மீ. அலுமினியத் தகடாக இருக்கும். தகட்டைக் கிளாம்ப் போட்டு, உள்ளிருந்து குழாயின் இரு ஓரத்தையும் கோடாக வரைந்து, நடுக்கோட்டில் துளைகளைக் குறியுங்கள். 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3 மி.மீ. துளை, 50 முதல் 75 மி.மீ.க்கு ஒன்று, தகட்டின் விளிம்பிலிருந்து ரிவெட் விட்டத்தின் இரண்டு மடங்காவது உள்ளே. துளைக்கத் துளைக்க கிளெக்கோ எனும் தற்காலிகப் பிடிகளைச் செருகிக்கொண்டே போனால் தகடு நகராது. நடுவிலிருந்து ஓரங்களுக்குப் போங்கள், இல்லையென்றால் தகடு உப்பிக்கொள்ளும்.

எல்லாத் துளையும் முடிந்ததும் தகட்டைக் கழற்றிப் பிசிறை நீக்குங்கள். அலுமினியமும் எஃகும் நேருக்கு நேர் தொட்டு, நடுவில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கும். பெயிண்ட் பூசிய குழாயின்மேல் பாலியூரித்தேன் சீலன்ட்டைக் கோடாகப் போட்டு, அதன்மேல் தகட்டை உட்கார வைத்து ரிவெட் அடியுங்கள். சீலன்ட் ஒட்டும், ஈரத்தைத் தடுக்கும், அதிர்வுச் சத்தத்தையும் விழுங்கும்.

விளக்கும் எர்த்தும்

எஃகு பாடியில் விளக்கின் எர்த் பாடி வழியாகவே போய்விடும். ஃபைபர் கிளாஸில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும், ஹார்னுக்கும், எரிபொருள் அளவிக்கும் தனி எர்த் வயர் இழுத்துச் சேசிஸில் சுத்தமாக்கிய இடத்தில் இணைக்க வேண்டும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கு மங்கலாக மினுக்குகிறது என்றால் எர்த்தைத்தான் முதலில் பாருங்கள். பெட்ரோல் ஊற்றும் வாயின் உலோக வளையத்துக்கும் எர்த் கொடுங்கள், நிலைமின் பொறிக்கு இடம் வைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் பாடிக்கு அருகில் போகும் இடங்களில் வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். ரெசின் சூட்டில் இளகும், பெயிண்ட் குமிழியிடும்.

முன்கண்ணாடியின் சட்டத்தை இந்தக் கட்டத்திலேயே பொருத்திப் பார்த்துவிடுங்கள். கண்ணாடியை இழுத்து வளைத்து உட்கார வைக்க முயன்றால் அன்றைக்கே உடையாவிட்டாலும் பிறகு ஒரு குளிரிரவில் உடையும்.

கழற்றி, தேய்த்து, வண்ணம்

எல்லாம் பொருந்தியாயிற்று. இப்போது எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கீல் எந்த இடத்தில் நின்றது என்று சுற்றிலும் கோடு கீறி, ஷிம் தகடுகளை இடம் எழுதிய பையில் போட்டுவிடுங்கள்.

பாடியின்மேல் அச்சு மெழுகு ஒட்டியிருக்கும். உப்புத்தாள் போடுவதற்கு முன்பே மெழுகு நீக்கியால் துடைத்துவிடுங்கள். முதலில் தேய்த்தால் மெழுகை உள்ளே தேய்த்தேற்றுகிறீர்கள், பிறகு பெயிண்டில் மீன்கண் மாதிரிப் புள்ளிகள் வரும். அச்சு சேரும் கோடுகளைத் தேய்த்து, அடியில் குமிழி இருந்தால் திறந்து நிரப்புங்கள். நீளமான மட்டப்பலகையில் உப்புத்தாள் வைத்து 80, 180, 320 என்று ஏறுங்கள். லேசான கறுப்புப் பொடி தூவிவிட்டுத் தேய்த்தால், பள்ளத்தில் கறுப்பு தங்கி நிற்கும், எங்கே வேலை பாக்கி என்று காட்டும். முதல் பிரைமருக்குப் பிறகு ஊசித்துளைகள் தெரியவரும். பதற்றம் வேண்டாம், மெல்லிய ஃபினிஷிங் பட்டியால் அடைத்து மறுபடி பிரைமர்.

கடைசி வண்ணத்தை மட்டும் பெயிண்டரிடம் கொடுத்துவிடச் சொல்வேன். இரு பாகப் பெயிண்ட்டில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும், தூசி முகமூடி அதைத் தடுக்காது, வெளிக்காற்று ஊட்டும் முகமூடி வேண்டும். கதவு, பானெட், டிக்கியைப் பாடியோடு ஒரே நேரத்தில், ஒரே கலவையில், வண்டியில் நிற்கும் கோணத்திலேயே அடிக்கச் சொல்லுங்கள். மெட்டாலிக் நிறத்தில் கோணம் மாறினால் நிறமே மாறித் தெரியும்.

திரும்பக் கோர்ப்பதும் முதல் ஓட்டமும்

பெயிண்ட் முழுக்க இறுக அவகாசம் கொடுங்கள். விளிம்பெல்லாம் டேப் ஒட்டி, இரண்டு பேராகக் கோருங்கள். கீறிய கோட்டுக்கும் பையில் வைத்த ஷிம்முக்கும் திரும்பினால் இடைவெளிகள் பழைய இடத்துக்கே வரும். சிறு திருத்தம் வேண்டியிருக்கும், அதற்கு மேல் வேண்டியிருக்காது.

சக்கர அலைன்மென்ட், விளக்கின் உயரம், பிரேக்கில் காற்று இல்லையென்ற உறுதி, பதிவுப் பரிசோதனை, காப்பீடு முடித்துவிட்டுச் சாலைக்கு வாருங்கள். முதல் ஓட்டம் குறுகியதாக இருக்கட்டும். திரும்பி வந்ததும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் பாருங்கள். 100 கி.மீ. ஆனதும் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் போல்ட்டுகளின் மார்க்கர் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கதவு இடைவெளியில் அந்த 5 மி.மீ. துண்டுக்குப் பதில் சற்று மெல்லிய துண்டை ஓட்டிப் பாருங்கள். பாடி போல்ட்டுகள் ரப்பர் பட்டையில் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்; வாஷர் சுற்றாத அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். 500 கி.மீ.யில் இதையே இன்னொரு முறை செய்யுங்கள்.